கழிப்பறைச் சாவி

இந்தப் புதிரை அவிழ்க்கக் கணக்கு தெரிய வேண்டாம், கண் தெரிந்தால் போதும். ஆகவே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு சின்ன நகராட்சி. அதன் நடுநிலைப் பள்ளிக்கு எஸ்தர் தலைமையாசிரியை. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். பெண்பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி நாலு மாதமாக அவர் கைப்பையில் கிடக்கிறது. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. சம்பளம் வராததால் துப்புரவு வேலை செய்த அம்மாளும் நின்றுவிட்டார். பூட்டுவதைத் தவிர எஸ்தருக்கு வேறு வழி தெரியவில்லை. நகராட்சிக்கு ஐந்து மனு போட்டார். நிதி இல்லை என்று ஐந்துக்கும் ஒரே பதில்.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே பகலை ஓட்டினார்கள். எட்டாம் வகுப்பிலேயே கெட்டிக்காரியான இசக்கியம்மாள், வயதுக்கு வந்த பிறகு பள்ளிப் பக்கம் வரவில்லை. பதினைந்து நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் அம்மாவோடு பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவாள். அப்படி உட்கார்ந்தவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு அலுத்துப்போனவர் எஸ்தர்.

கடைசியில் பெற்றோர் கூட்டம் போட்டார்.

முதலில் எழுந்தவர் ரைஸ்மில் வேலாயுதப் பெருமாள் அண்ணாச்சி. "மோட்டார், ஆள் சம்பளம் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன் டீச்சர். பள்ளிக்கூட வாசல்ல எங்கய்யா பேர் போட்டு ஒரு வளைவு மட்டும் வைக்க விடுங்க." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அவர் மில்லைத் தாண்டித்தான் எஸ்தர் தினமும் பஸ் ஏறப் போவார். மில் கேட்டில் அண்ணாச்சியின் அப்பாவுக்கு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். அதற்கடியில் நகராட்சி நோட்டீஸின் ஓரம் எட்டிப்பார்க்கும். வருஷா வருஷம் புது நோட்டீஸ், அதன்மேல் புதுப் போஸ்டர்.

அடுத்து, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற சாகுல் ஹமீது பாய். "ஒரு ஆள் பேர் எதுக்கு? வீட்டுக்கு மாசம் அம்பது ரூபா போடுவோம். எம் புள்ளைங்க படிச்சு முடிச்சாச்சு, ஆனாலும் நான் தாரேன்." எல்லாரும் கை தூக்கினார்கள். அதில் பாதிப் பேர் தூக்கிய கையை இறக்கும்போதே செருப்பைத் தேடினார்கள்.

கை தூக்காதவர் ஒரே ஒருவர், இசக்கியம்மாளின் அம்மா சண்முகக்கனி.

"எம் புள்ளதான் வீட்ல கெடக்கா டீச்சர். ஆனாலும் ஒத்தப் பைசா தரமாட்டேன். தகரம் போட்ட வீட்டுக்கு வருசந் தவறாம தீர்வை கெட்டுதேன். ரசீதுல கல்வி வரின்னு தனியாப் போட்டிருக்கு. அதை வச்சுச் செய்யச் சொல்லுங்க. தர்மம் வாங்கி அவ படிக்க வேண்டாம்."

"பெத்த புள்ளைக்கே குடுக்க மனசில்லையே இவளுக்கு!" என்று கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. எஸ்தர் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

மொத்தமாகத் தருகிறேன் என்றவர், எல்லாரும் தருவோம் என்றவர், தரவே மாட்டேன் என்றவர். பார்த்தவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் நியாயம் பேசியது யார்?

விடை: சண்முகக்கனி. போஸ்டருக்கு அடியில் இருந்தது சொத்து வரி பாக்கி நோட்டீஸ். கட்ட வேண்டியதைக் கட்டாமல் வைத்துக்கொண்டு, அதில் ஒரு கிள்ளு எடுத்துத் தர்மம் என்று நீட்டினார் அண்ணாச்சி. பாய் நல்ல மனுஷர்தான், ஆனால் கட்டியவர்களிடமே மறுபடி கேட்டார். இதெல்லாம் எஸ்தருக்கும் தெரியும். தெரிந்தேதான் அண்ணாச்சிக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். ஆறாவது மனு போய்த் திரும்பும்வரை ஒரு பெண்ணின் படிப்பு காத்திருக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்ததே! இரும்பு வளைவு ஒரே வாரத்தில் நின்றது, மறுநாள் மோட்டார் வந்தது. திங்கட்கிழமை காலை சண்முகக்கனி மகளைத் தானே கூட்டிவந்து விட்டார், வளைவுப் பக்கம் போகாமல், பின்வாசல் வழியாக.