அடுத்த வளைவு

"நான் இனிமே வரல தாயி" என்றார் வைகுண்டம்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த செய்யதம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறவள் அவள். மேலப்பாளையத்தில் தையல் வேலை. முப்பத்தெட்டு வயது. வைகுண்டத்துக்கு அறுபது. மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு இது எட்டாவது தடவை. நடுவில் பயந்துபோய் இரண்டு தடவை வராமல் இருந்துவிட்டார். கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்சில் தூக்கி வந்தார்கள்.

"வராம என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"முந்தின நாளே சோறு எறங்க மாட்டேங்கு. குழாய்ல ரத்தம் போறதைப் பாத்தா நெஞ்சை அடைக்கு. பயம் தெரியாம இருக்க மாத்திரை கேட்டேன். டாக்டர், கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னுட்டார். ஒனக்கு மட்டும் எப்படி பயமே இல்ல?"

செய்யதம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்த தடவை அரைமணி முன்னாடி வாங்க" என்றாள். "வராம இருக்கதா இருந்தாலும், அதுக்குப் பிறகு இருந்துக்கிடலாம்."

வந்தார். வாசல் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல வெயில். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தார்.

"சட்டையை ஏத்தி, அந்தக் கையைத் தொடுங்க."

"வேண்டாம் தாயி."

ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடது கை அது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவர் அதைப் பார்த்ததில்லை. குளிக்கும்போது மனைவி ஆவுடையம்மாள்தான் சோப்புப் போட்டுவிடுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செய்யதம்மாள் தன் கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே கயிறு புடைத்த மாதிரி இருந்தது.

"அப்ப இதைத் தொடுங்க."

இரண்டு விரலை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். மறுபடியும் வைத்தார்.

உள்ளே கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னது இது?"

"ரத்தம்."

"நிக்கவே நிக்காதா?"

"நின்னாத்தான் அண்ணாச்சி பயப்படணும். அப்படி நின்னா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திரணும்."

வைகுண்டம் அவள் கையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு தன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொட்டார். மடியில் வைத்த பூனைக்குட்டி மாதிரி அது உறுமிக்கொண்டிருந்தது.

"மூச்சை இழுக்கதை விட்டிருங்க, அது தானா வரும்" என்றாள். "விடுறதை மட்டும் மெதுவா விடுங்க."

விட்டார். மறுபடி விட்டார். நர்ஸ் ரோஸ்லின் வந்து கூப்பிடும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

உள்ளே ஊசியைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ரோஸ்லின் அவசரப்படவில்லை.

"மெதுவா விடுங்கய்யா. நீங்க சொன்ன பிறகு குத்துறேன்."

நீளமாக மூச்சை விட்டார். "ம்" என்றார். வலித்தது. வலித்துவிட்டுப் போய்விட்டது. குழாயில் சிவப்பு ஏற ஆரம்பித்தது.

"அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க" என்றாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து செய்யதம்மாள். "மலைக்குப் பஸ் ஏறுமே, அந்த ரோட்டைச் சொல்லுங்க."

"அது என்னத்த சொல்ல?"

"நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. ஒவ்வொரு வளைவா சொல்லுங்க."

வைகுண்டம் யோசித்தார்.

"செக்போஸ்ட் தாண்டுனதும் மொத வளைவு. மூங்கில் ரெண்டு பக்கமும் கவிஞ்சு நிக்கும். வெயில் உள்ள வராது. கியரை மாத்துனா வண்டி கொஞ்சம் மொனங்கும். அடுத்த வளைவுல சத்தம்தான் மொதல்ல கேக்கும், பிறகுதான் தண்ணி கண்ணுக்குத் தெரியும்..."

எங்கே எந்த மரம் சாய்ந்திருக்கும், எங்கே மாடு குறுக்கே படுத்திருக்கும் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு அடைக்கவில்லை. குழாயை அவர் பார்க்கவும் இல்லை.

ஐந்தாவது வளைவில், அவள் 'ம்' கொட்டுவது நின்றிருந்ததைக் கவனித்தார்.

ரோஸ்லின் இப்போது ஊசியோடு அவள் பக்கம் குனிந்திருந்தாள். செய்யதம்மாள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மற்றக் கை படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தது. உதடு லேசாகக் குவிந்து, மூச்சை மெதுவாக, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள்.

வைகுண்டம் அவளைப் பார்த்தபடியே பேச்சை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க அண்ணாச்சி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "அடுத்த வளைவு?"