ஓயாத சரிபார்ப்பு

நிர்வாகி பராங்குசம் உள்ளே நுழைந்தால் அந்த ஸ்கேன் மையமே மூச்சடக்கும். அது மரியாதை என்பது அவர் துணிபு. அன்று ஒரு படம் திறக்கவே பத்து நிமிடம் ஆனது. படங்கள் கணினியின் நான்கு டிஸ்க்குகளில் பிரித்துச் சேமிக்கப்பட்டிருந்தன.

“பன்னிரண்டு மணிக்குள்ள சரியாகணும். இல்லேன்னா நாளைக்கு வராதே” என்றார், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர் அங்கயற்கண்ணியிடம்.

அவள் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் கிழியாமல் எடுத்து நீட்டினாள்.

“இதைக் கொஞ்சம் வாசிங்க சார்.”

“டிஸ்க்குகளை…” என்று தொடங்கினார்.

“சரியா வாசிச்சீங்களா சார்?”

“டிஸ்க்குகளை இடைவிடாமல்…”

“அது சரிதானா சார்?”

“சொல்லுக்குச் சொல் சரிபார்க்கச் சொன்னா நான் எப்படிம்மா வாசிக்கிறது?”

“டிஸ்க்குகளுக்கும் அதே கஷ்டம்தான் சார். படத்தை எடுக்க விடாம, எல்லாத்தையும் முதல்லேருந்து சரிபார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லியிருக்கு.”

“எந்த மடையன் சொன்னான்?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் தாளின் அடியைப் பார்த்தார். அங்கே அவருடைய கையெழுத்து இருந்தது.

“நிறுத்திடு” என்றார், மெல்ல.

“எழுதிக் கொடுத்திடுங்க சார்.”

அவர் எழுதிக் கையெழுத்திட்டார்; அவள் சரிபார்ப்பை நிறுத்தினாள். அடுத்த படம் இரண்டே நொடியில் திறந்தது.