தலைமை வைத்தியரின் முதற்கை

முன்னொரு காலத்தில், மரியாதை என்று சொன்னால் மழைகூட நின்று வழிவிட வேண்டும் என்று நம்பிய ஒரு ராஜா இருந்தார். தேர்த் திருவிழாவில் தமக்குக் கிடைத்த முதல் மரியாதையில் பூரித்துப்போய் அரண்மனைக்குத் திரும்பியவர், "நம் வைத்தியசாலையிலும் இப்படித்தான் நடக்க வேண்டும். எந்த நோயாளி மீதும் தலைமை வைத்தியரின் கைதான் முதலில் பட வேண்டும். அதற்கு முன் வேறு யாரும் தொடக் கூடாது" என்று ஆணையிட்டார். ஆகா, எப்பேர்ப்பட்ட யோசனை!

தலைமை வைத்தியர் அகோரலிங்கம் நாடி பார்ப்பதில் சூரர். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆணை வந்த பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. சூரணம் இடிக்க அவரே உலக்கையைத் தூக்கினார். கஷாய அடுப்பை அவரே ஊதினார். கட்டுத்துணியைக்கூட அவரே கிழித்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வீரணன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். "இவரு வர்றதுக்குள்ள புள்ளைக்குப் பல்லே முளைச்சிரும்" என்று மருத்துவச்சி செம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். நோயாளிகளின் வரிசை தேரடி வரை நீண்டது.

முனகல் ராஜாவின் காதுக்கு எட்டியது. சபையில் சீறினார். அகோரலிங்கம் எழுந்தார். தம் கஷாயத்துக்கு முகம் சுளிக்கும் ராஜா, விகடகவி கொழுந்தப்பனின் பேச்சுக்கு மட்டும் சிரிக்கிறாரே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"பிரபு, இதைக் கொழுந்தப்பனிடம் ஒப்படையுங்கள். புதிய ஆள் சேர்க்கக் கூடாது. தங்கள் ஆணையை மீறக் கூடாது. நாளை சூரியன் மறையும்போது வாசலில் ஒரு நோயாளி இருந்தாலும் இவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. யோசித்துச் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

கொழுந்தப்பன் ஆணையை ஏற்று வணங்கினான். வீட்டில் மனைவி நிறைமாத கர்ப்பிணி. அவளை எந்த எல்லைக்கு நடத்திக் கூட்டிப்போவது?

மறுநாள் காலை வைத்தியசாலை வாசலில் பட்டு விரித்த ஆசனம் போடப்பட்டது. மேளம் முழங்கியது. "சுவாமி எழுந்தருள வேண்டும்" என்று கொழுந்தப்பன் குனிந்தான். அகோரலிங்கம் உச்சி குளிர்ந்து அமர்ந்தார். முதல் நோயாளியின் மணிக்கட்டை அவர் கையில் வைத்தான் கொழுந்தப்பன்.

"சுவாமி கை பட்டாச்சா?"

"பட்டது."

"நாடி என்ன சொல்லுது?"

"ஜுரம் இல்லை. கால்தான் முறிந்திருக்கிறது."

"அப்ப வீரணன்கிட்ட போங்க. அடுத்து யாரு?"

அகோரலிங்கம் கட்டுத்துணி கிழிக்க எழுந்தார். கொழுந்தப்பன் பதறினான். "ஐயையோ, சுவாமி எழுந்துட்டா அடுத்தவருக்கு முதற்கை யாரு வைக்கிறது? ராஜா ஆணையாச்சே! துணியைத் தொடணும்னு அதுல இல்லையே!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடி பிடித்துச் சொல்லச் சொல்ல, பிரசவ வலிக்காரி செம்பாயியிடம் போனாள், சளிக்காரன் கஷாய அடுப்புக்குப் போனான். கடுமையான ஜுரக்காரர்களை மட்டும் அகோரலிங்கமே கவனித்தார். வரிசை மளமளவென்று கரைந்தது.

மாலையில் ராஜா வந்தபோது வாசல் காலி. அகோரலிங்கம் துள்ளி எழுந்தார்.

"ஒரு நோயாளி பாக்கி, பிரபு! நானேதான்! கை நீட்டி நீட்டி வலத்தோள் பிடித்துக்கொண்டது. ஐயோ, உயிர் போகிறதே!"

சூரியன் பாதி இறங்கிவிட்டது. கொழுந்தப்பன் அவரை உற்றுப் பார்த்தான். வலி தாங்காமல் அவர் இடக்கையால் வலத்தோளைப் பிடித்திருந்தார்.

"முதற்கை பட்டாச்சு சுவாமி, உங்க கையேதான். வீரணா, ஓடி வா!"

"பல்லைக் கடிச்சுக்குங்க சாமி" என்று வீரணன் ஓர் அழுத்து அழுத்தினான். அலறல் கோட்டைச் சுவர் வரை கேட்டது. பிறகு அகோரலிங்கம் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அட! வலி போயே போச்சு!" என்று தம்மை மறந்து கூவிவிட்டார்.

"அப்ப நீங்க நோயாளி இல்லை" என்றான் கொழுந்தப்பன். சூரியன் மறைந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கொழுந்தப்பனுக்கோ பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கும் என்ற நிம்மதியில் கண்ணீர் பொங்கியது.

"விகடகவியே, நாங்கள் எல்லாரும் சிரிக்கிறோம். நீ மட்டும் அழுகிறாயே?"

"சிரிக்கிற வேலையைத் தாங்களே அருமையாகச் செய்கிறீர்கள், பிரபு. அதில் என் கை எதற்கு?"

ராஜா மறுபடி சிரித்தார். ஆசனம் வாசலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.