காலியான காப்பகம்

பொன்னுலிங்கம் சாருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அந்த அறை அப்படி ஆனதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கல்லூரி. வரலாற்றுத் துறையை ஒட்டி ஓர் அறை. வாசலில் 'கல்லூரி ஆவணக் காப்பகம்' என்று பலகை. உள்ளே போனால் குடோன். பேராசிரியர் யாராவது ஓய்வு பெற்று வீடு மாறினால் ஒரு வேன் வரும். இவர் கையெழுத்துப் போட்டு இறக்கி வைப்பார். ஆறு வருடமாக இதே வேலை.

பிரின்சிபால் ஒருநாள் போட்டு உடைத்துவிட்டார்.

"இங்க எதைச் சேர்ப்பீங்க, எதைச் சேர்க்க மாட்டீங்க? ஒரே தாள்ல எழுதி, திங்கட்கிழமை கமிட்டிக்குக் குடுங்க. முடியலைன்னா அந்த ரூம் ஜிம்முக்குப் போயிடும்."

பொன்னுலிங்கம் எழுத உட்கார்ந்தார். பதினேழு பக்கம் வந்தது. அதிலும் எதைச் சேர்க்கமாட்டோம் என்று ஒரு வரிகூட இல்லை.

சனிக்கிழமை காலை பெனிட்டாவை வரச் சொன்னார். நகரத்தில் பெரிய காப்பகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர் பெனிட்டா. பொன்னுலிங்கத்தைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனால் இந்த வேலையில் அவர்தான் குரு. பொன்னுலிங்கம் வெட்கப்படாமல் நோட்டுப் போட்டு அவரிடம் கற்றுக்கொண்டவர்.

"மேடம், ஒரு காலேஜ் காப்பகம் எதைத்தான் சேர்க்கணும்?"

பெனிட்டா உட்கார இடம் தேடினார். இல்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"இந்த ரூம் தீப்பிடிச்சு எரியுதுன்னு வையுங்க."

"நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம்!"

"சும்மா வையுங்க சார். எரிஞ்சதை யாருக்குப் போன் போட்டுத் திரும்ப வாங்குவீங்க? போன் போட ஆள் இருந்தா, அதை வராந்தாவுல வையுங்க."

ஆரம்பித்தார்கள். நாளிதழ்க் கட்டுகள். மாவட்ட நூலகத்தில் இருக்கின்றன. வராந்தா. பல்கலைக்கழக ஆண்டறிக்கைகள். பல்கலைக்கழகத்திலேயே இருக்கின்றன. வராந்தா. தலைவர்களின் பேச்சுத் தொகுதிகள், முப்பது பாகம். எங்கே இல்லை? வராந்தா.

அடுத்தது கண்ணாடிச் சட்டங்கள்.

"இது என்ன சார்?"

"வாழ்த்து மடல். ரிடையர் ஆகும்போது குடுக்கறது. அறுபத்திநாலு இருக்கு."

பெனிட்டா இரண்டை எடுத்துப் படித்தார். "இவரும் தமிழ்க் கடல், அவரும் தமிழ்க் கடல். இவரும் கருணை மலை, அவரும் கருணை மலை. ஒரு ஊருக்கு இத்தனை கடலும் மலையுமா?"

"பேரை மட்டும் மாத்தி அடிப்பாங்க மேடம். வீட்டுச் சுவர்ல இடமில்லைன்னு கொண்டு வந்தாங்க. எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?"

"வேண்டாம். இப்படித்தான்."

"இங்கயும் இடமில்லைன்னு சொல்லலாமா?"

"இடம் வந்தா மறுபடி தூக்கிட்டு வருவாங்க சார்."

மாதிரிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு அறுபத்திமூன்றை வெளியே வைத்தார்கள்.

மூன்று மணிக்கு அறை பளிச்சென்று ஆகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது.

"மேடம், ஜிம்முக்கு நானே கூட்டிப் பெருக்கிக் குடுத்த மாதிரி இருக்கு."

பெனிட்டா வாசல் ஓரம் கிடந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். "அது?"

"குப்பை மேடம். பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வெச்சது. ஆபீஸ் பீரோவை நகர்த்தினப்போ கிடைச்ச லீவு லெட்டருங்க. காலேஜ் ஆரம்பிச்ச காலத்துல உள்ளது."

"அதுக்கு யாருக்குப் போன் போடுவீங்க?"

பொன்னுலிங்கம் சிரித்தார். லீவு லெட்டருக்குப் போய் யாராவது போன் போடுவார்களா? பிறகு யோசித்தார். யாருடைய பெயரும் வரவில்லை. பெட்டியைத் திறந்து மேலே இருந்ததை எடுத்தார்.

'மழையில் உப்பளத்து வரப்பு உடைந்துவிட்டது. கட்ட ஆள் இல்லாததால் மூன்று நாள் விடுப்பு வேண்டும்.'

அடுத்தது. 'என் செருப்பைத் தங்கை போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஆகையால் இன்று ஒருநாள்.'

அதற்கடுத்தது. 'நேற்று வகுப்பில் என் ஆங்கிலத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து வருகிறேன் ஐயா.'

அவர் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கமிட்டியில சிரிப்பாங்க மேடம். இதுல ஒரு பெரிய மனுஷன் பேருகூட இல்ல."

"வருகைப் பதிவேடு ஆபீஸ்ல இருக்கா?"

"இருக்கு."

"செருப்பு இல்லாத பொண்ணுக்கு அன்னிக்கு அதுல என்ன போட்டிருப்பாங்க?"

"ஆப்சென்ட்."

பெனிட்டா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பொன்னுலிங்கம் கடிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சட்டென்று தலைநிமிர்ந்தார்.

"காலேஜுக்கு வராம நின்னவங்க எல்லாரும் லெட்டர் எழுதியிருக்க மாட்டாங்களே. நாலுல ஒருத்தர் எழுதியிருந்தா அதிகம். சில பேர் சொல்லாம நின்னு, அப்படியே வராமலே போயிட்டாங்க. ஏன் நின்னாங்க, அப்புறம் என்ன ஆனாங்க? ஒரு துண்டுத்தாள்கூட கிடையாது."

"அவங்க இப்போ எங்க இருக்காங்க சார்?"

"எங்க போவாங்க? இங்கதான். பாதிப் பேர் அளத்துல, மீதிப் பேர் பஜார்ல."

"நடந்து போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வர்ற தூரம்தானே," என்றார் பெனிட்டா. "திங்கட்கிழமைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு சார்."