பாகு இல்லாமல் ஓடிய விருமன்

முன்னொரு காலத்தில், ஒதுங்கி நிற்கப் பனையைவிட்டால் வேறு நிழலில்லாத தேரிமங்கல நாட்டை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவனிடம் விருமன் என்றொரு தூதன் இருந்தான். குதிரையே திணறும் செம்மணலில் அவன் ஓடுவான். தூதர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கஞ்சி குடித்துவிட்டு ஓடினால் வயிறு கனக்கும் அல்லவா? அதனால் புறப்படும்போது ஒரு வாய் பனம்பாகு, மேலே கொஞ்சம் தண்ணீர். இன்னொரு வாய்ப் பாகு மூங்கில் குழாயில் இடுப்போடு வரும். பாதி வழியில் கால் தளரும்போது அதைக் குடிப்பார்கள்.

ஒரு திருவிழாவன்று அரசன் விருமனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்தே பலகாரம் எடுத்துக் கொடுத்தான். பண்டசாலைத் தலைவர் திருமேனியாருக்கு வயிறு எரிந்தது.

"மன்னா, தப்பாக நினைக்கக் கூடாது. இந்த மரியாதை பனம்பாகுக்கல்லவா சேரவேண்டும்? அதைக் குடித்தால் நானே ஓடுவேனே!"

அரசன் அவர் தொந்தியைப் பார்த்தான். "உம்மை ஓடவைக்க நாட்டுப் பனையெல்லாம் போதாதே!"

சபை சிரித்தது. ஆனாலும் முள் தைத்துவிட்டது. அரசன் திரும்பி, "ஏன்டா விருமா, ஓடுவது நீயா, பாகா?" என்று கேட்டான்.

"ரெண்டுந்தான் சாமி. காலு என்னுது, தெம்பு அதோடது."

"அவன் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள்!" என்றார் திருமேனியார்.

அரசனுக்கு முகம் சிவந்தது. "இனி எந்தத் தூதனுக்கும் பாகு கிடையாது. கொடுத்தவனுக்கும் குடித்தவனுக்கும் கசையடி. யார் காலில் பலம் இருக்கிறதென்று பார்ப்போம்."

அமைச்சர் பொதியனார் எழுந்தார். "திரி நன்றாக எரிகிறதென்று எண்ணெயைக் கொட்டிவிடுகிறீர்களே, மன்னா."

"உமக்கு எதற்கெடுத்தாலும் ஓர் உவமை. உட்காரும்."

உட்கார்ந்தார்.

அரசனின் தாய் மலையடிவாரத்தில் ஆனைக்குளம் என்ற ஊரில் இருந்தாள். ஆடிக்காற்று வீசிய ஒரு நாள் காலை அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மகனைப் பார்க்க வேண்டும் என்றாள். தன் முறைக்கு அங்கே தூதனாகத் தங்கியிருந்த விருமன் வெறும் வயிற்றோடு கிளம்பினான். பாதி வழியில் கண் இருட்டியது. விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கடைசியில் தவழ்ந்துகூடப் பார்த்தான். உச்சிப்பொழுதில் வந்து சேரவேண்டியவன் விளக்கு வைக்கும் நேரத்தில் அரண்மனை வாசலில் விழுந்தான். "அம்மா... மூச்சு..." என்றான். அவ்வளவுதான் வந்தது.

அரசன் குதிரை ஏறினான். மணலில் திணறிய குதிரையில் விடியும்போதுதான் ஆனைக்குளம் போய்ச் சேர்ந்தான். பணிப்பெண் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

"கோழி கூவுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க சாமி. இப்பதான்..."

அரசன் தாயின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுகை ஓய்ந்த இடத்தில் கோபம் வந்தது. அதற்குள், பின்னாலேயே வண்டி கட்டிப் புறப்பட்ட அமைச்சரும் திருமேனியாரும் விருமனோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"சோம்பேறிப் பயல்! எங்கேயோ படுத்துத் தூங்கியிருக்கிறான், மன்னா. முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்றார் திருமேனியார்.

"கொள்ளி வைத்துவிட்டு நான் திரும்பியதும் இவன் தலை உருளவேண்டும்" என்றான் அரசன்.

காவலர்கள் விருமனின் கையைக் கட்டினார்கள். பொதியனார் விருமனின் கால்களைப் பார்த்தார். பிறகு, "ஆணைப்படியே, மன்னா. ஒன்று மட்டும். தாயாரின் குலத்தில் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு நேர்வழியில் போகமாட்டார்கள். தேரி மணல்மேட்டைச் சுற்றித்தான் போகவேண்டும்" என்றார். அரசன் தலையசைத்தான்.

கொள்ளி வைக்கும் மகன் அதுவரை உண்ணக் கூடாது. நெருப்புச் சட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. இரவெல்லாம் குதிரையில் வந்தவன், வெறும் வயிறு, காலடியில் நழுவும் மணல். பாடை முன்னே போய்க்கொண்டிருந்தது. அரசன் பின்தங்கினான். சட்டி ஆடியது. முழங்கால் மடங்கி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"கால் வரவில்லை, பொதியனாரே."

அமைச்சர் குனிந்து மெல்லச் சொன்னார்: "சோம்பல், மன்னா."

அரசன் நிமிர்ந்தான். "என்ன சொன்னீர்?"

"பெற்ற தாய்க்குக் கொள்ளி கொண்டுபோகும் மகனுக்குக் கால் வராதா? தூக்கம் வந்திருக்கும். திருமேனியாரைக் கேளுங்கள், அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

திருமேனியார் மணலைப் பார்த்தார்.

அரசன் கண் கலங்கியது. "நான் போகத்தானே நினைக்கிறேன்... கால்தான்..."

"தெரியும் மன்னா. அவனுக்கும் அப்படித்தான்."

பொதியனார் மடியிலிருந்து மூங்கில் குழாயை எடுத்தார். அரசன் தயங்கி ஊர்ப் பெரியவரைப் பார்த்தான். அவர் சொன்னார்: "தண்ணி குடிக்கலாம் சாமி. அதுல என்ன கரைஞ்சிருக்குன்னு நாங்க கேக்குற வழக்கமில்ல."

குடித்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணில் இருட்டு விலகியது. எழுந்து நடந்துபோய்த் தாய்க்குக் கொள்ளி வைத்தான்.

ஆற்றில் முழுகி எழுந்ததும் கேட்டான்: "சுற்றுவழி குலவழக்கமா?"

"இல்லை மன்னா, பொய். நேர்வழியில் வந்திருந்தால் தாங்கள் களைத்திருக்க மாட்டீர்கள், விருமன் பிழைத்திருக்க மாட்டான். தலை ஒன்று வேண்டுமென்றால் என்னுடையது இருக்கிறது."

"அது அங்கேயே இருக்கட்டும். எனக்குத் தேவைப்படுகிறது." தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். பிறகு திருமேனியாரிடம் திரும்பினான். "பண்டசாலைச் சாவியை வைத்துவிட்டுத் தலைநகருக்கு நடந்தே போங்கள். வழிக்குப் பாகு கிடையாது."

ஊர் திரும்பியதும் விருமனின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்து, அவன் எதிரே மணலில் உட்கார்ந்தான்.

"நீ கொண்டுவந்த சேதியை நான் முழுக்கக் கேட்கவே இல்லையேடா. அம்மா என்ன சொல்லி அனுப்பினாள்?"

விருமன் தயங்கினான். அமைச்சர் "சொல்லப்பா" என்றதும் சொன்னான்.

"அவசரம்னு சொல்லாத, பதறிப்போவான்... சாப்பிட்டுட்டே கிளம்பி வரச் சொல்லு, வெறும் வயித்தோட குதிரை ஏறிடப்போறான்... அப்படின்னாங்க சாமி."

ஊரார் இலை போட்டு அழைத்தார்கள். அரசன் தாய் சொல்லைத் தட்டாமல் போய் உட்கார்ந்தான். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.