எருமை பூட்டிய எந்திரம்

விலை கொடுத்து வாங்கிய பொருளை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று, விற்றவன் நம் வீட்டுக்குள்ளேயே வந்து விரல் நீட்டினால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முத்தாற்றூர் அரசர் திருவேங்கட பூபதிக்கு வரவில்லை. அவர் நல்லவர். நல்லவர்கள்தானே படிக்காமல் முத்திரை வைக்கிறார்கள்!

கடல் கடந்து வந்த பெர்னாது என்ற வணிகன் அவருக்கு ஒரு நீர் இறைக்கும் எந்திரம் விற்றான். பல்சக்கரம், சங்கிலி, இருபது செப்புக் குடங்கள். பூட்டிய மிருகம் சுற்றிச் சுற்றி நடந்தால், குடங்கள் ஆற்றில் முங்கி எழுந்து ஊர்க் குளத்தில் தண்ணீரைக் கொட்டும். நல்ல எந்திரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்த ஓலையில் ஒரு வரி இருந்தது: "இதில் எங்கள் நாட்டுக் கோவேறு கழுதையை மட்டுமே பூட்ட வேண்டும். வேறெதையும் மாற்றிப் பூட்டினால், பூட்டியவன் கை வெட்டப்படும்."

கூடவே இரண்டு கோவேறு கழுதைகளும் வந்தன. சித்திரை வெயிலுக்கு ஒன்று செத்தது. இன்னொன்று படுத்தது, எழவில்லை.

"அடுத்த ஜோடி ஆடி மாதக் கப்பலில் வரும்" என்றான் பெர்னாது.

"அதுவரை ஊர் எதைக் குடிக்கும்?" என்று கேட்டார்கள் ஊரார்.

"அது எந்திரத்தின் குறை அல்லவே."

கேட்டீர்களா பதிலை! ஊர்த் தச்சர் ஆவுடையா ஆசாரிக்குப் பொறுக்கவில்லை. நுகத்தை அகலமாகச் செதுக்கி இரண்டு எருமைகளைப் பூட்டிவிட்டார். எந்திரம் எந்த நாட்டுச் சரக்கு என்று எருமைக்கு என்ன தெரியும்? இரண்டும் நடந்தன. தண்ணீர் கொட்டியது. பெர்னாது ஓலையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தான்.

"கை வேண்டும், மகாராஜா! உங்கள் முத்திரை இருக்கிறது."

அரசர் முகம் வெளுத்தது. கொடுத்த வாக்கு. ஆசாரியோ வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை போனா உளி பிடிக்க முடியாது, சாமி. ஆனா பிள்ளைங்க நாக்கு வறண்டு கிடந்துச்சுங்க. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியலை."

அப்போது தாண்டவன் எழுந்தான். மாட்டுச் சந்தையில் தரகு பேசி, ஏமாந்து, அடிபட்டு, வாய் ஒன்றையே முதலாக வைத்து அரசவை வரை வந்தவன்.

"வணிகரே, எருமை பூட்டியதில் எந்திரம் கெட்டதா?"

"இல்லை."

"தண்ணீர் கசந்ததா?"

"இல்லை. ஆனாலும் எந்திரம் கழுதைக்காகச் செய்தது."

"அடடா, அது தெரியாமல் எங்கள் மகாராஜா வாங்கிவிட்டாரே!"

சபை சிரிப்பை விழுங்கியது. மகாராஜா இருமினார்.

"சரி வணிகரே, எதற்குச் செய்ததோ அதில்தான் பூட்ட வேண்டும், மாற்றிப் பூட்டினால் கை போகும். இது எங்கள் ஆசாரிக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"விதி என்றால் எல்லாருக்கும்தான்! எங்கள் நாட்டுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதுதான்."

"எழுதித் தாருமேன்."

எழுதியும் கொடுத்தான், மடையன்! எங்கள் சந்தைக்கு வந்திருந்தால் அவன் தலையில் கிழட்டு மாட்டைக் கன்று என்று கட்டியிருப்பார்கள்.

தாண்டவன் ஓலையை அரசரிடம் நீட்டிவிட்டு, பெர்னாதின் இடுப்பைப் பார்த்தான். வெயில் தாளாமல் நம் ஊர்ப் பட்டு வேட்டி கட்டியிருந்தான் அவன். கட்டத் தெரியவில்லை, நழுவியது. அதனால் மேலே தன் ஊர்த் தோல்வாரைப் பித்தளைக் கொக்கியோடு இறுக்கியிருந்தான்.

"அந்த வார் உங்கள் நாட்டில் எதற்குச் செய்தது?"

"கால்சட்டைக்கு..." பெர்னாதின் வாய் பாதியில் நின்றது.

"கால்சட்டைக்குச் செய்ததை எங்கள் வேட்டியில் மாற்றிப் பூட்டியது எந்தக் கை? வலதா, இடதா? கொக்கி மாட்ட இரண்டும் வேண்டுமே!"

வெட்டுவதற்கென்று வந்து நின்றிருந்த காவலன் ஆசாரியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். பெர்னாது பதறிப்போய் வாரைக் கழற்றி எறிந்தான். எறிந்த பிறகுதான் வேட்டி நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தான்.

"ஒன்றும் அவசரமில்லை" என்றான் தாண்டவன். "பழைய ஓலையைக் கிழித்துப் போடும். இரண்டு வழக்கும் தீர்ந்தது."

"எப்படிக் கிழிப்பேன்? கை இல்லையே!"

வெட்டாமலே இரண்டு கையும் போயிற்று, பார்த்தீர்களா? வேட்டி இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது. பெர்னாது அலறினான்.

"விட்டேன், மகாராஜா! விட்டுவிட்டேன்!"

தாண்டவன் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான். "எதை என்று முதலில் சொல்லும், ஐயா! அரசியார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்!"

"வழக்கை! வழக்கை!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. கீழே நழுவி விழுந்த பழைய ஓலையைத் தாமே எடுத்துக் கிழித்துப் போட்டார். ஆசாரியின் வலது கையில் தங்கக் காப்புப் பூட்டினார். "தாண்டவா, உனக்கு என்ன வேண்டும்?"

தாண்டவன் தரையில் கிடந்த தோல்வாரைக் காட்டினான்.

"அது போதும், மகாராஜா. எருமைக்கு நுகக்கயிறு அறுந்துவிட்டதாம்."