பக்கத்து வீட்டுச் சீர்வரிசை

முன்னொரு காலத்திலே வேம்பாற்று நாட்டை விடங்கராஜன் என்று ஒருவர் ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் ஒன்று மனசில் புகுந்துவிட்டால் அதை உடனே முடித்தாக வேண்டும். பொறுமை என்ற பேச்சே கிடையாது. அவரைக் கட்டி மேய்ப்பதற்கென்றே வாய்த்தவர் மந்திரி அம்பலவாணர்.

ஒருநாள் தாயம் ஆடும்போது ராணி, "இந்த அரண்மனை உங்கள் பாட்டனார் கட்டியது. நீங்களாக ஒரு குடிசையாவது வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டாள். ராஜாவுக்குச் சுருக்கென்றது. காயை அப்படியே போட்டுவிட்டுச் சபைக்கு வந்தார்.

"நான் வீடு வாங்கப் போகிறேன்!"

சபையில் மருதப்பர் என்று ஒரு பிரபு. மந்திரி பதவிமேல் அவருக்குப் பல வருஷமாக ஒரு கண். ராஜாவின் தாயார் தன் கையால் நட்டு வளர்த்த மாந்தோப்பின்மேல் இன்னொரு கண். "மகாராஜா, வடக்குத் தெருவில் என் வீடு ஒன்று சும்மா கிடக்கிறது. தங்களிடம் போய்ப் பணம் வாங்குவேனா? அந்த மாந்தோப்பைத் தந்தால் போதும்" என்று குழைந்தார்.

பங்குனி வெயிலில் வீடு பார்க்கப் போனார்கள். வாசலில் தோரணம், உள்ளே குளிரக் குளிரப் பானகம், சுவரெல்லாம் சுண்ணாம்பு வாசனை. ராஜா சொக்கிப்போனார். மந்திரி வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"மந்திரியாரே, உம்மைத் தெரியும். எதிலும் ஒரு நொட்டை கண்டுபிடிப்பீர். இந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொன்னீரோ, உம் பதவி மருதப்பருக்கு. நாளை மறுநாள் ஓலை எழுதுகிறோம்!"

அம்பலவாணர் வாயை மூடிக்கொண்டார், கண்ணை மூடவில்லை. சுவரில் புதுச் சுண்ணாம்பு மார்பளவோடு நின்றிருந்தது, அதற்குமேல் பழைய பூச்சு. பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். அரிசிப் பானை உத்தரத்தில் உறியில் தொங்கியது. அடுத்த வீட்டிலும் அப்படியே. கோழிக்கூடுகூடக் கூரைமேல்! ராஜாவின் தாயார் வெறுங்காலோடு நடந்து அந்த மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தோப்பு இந்த ஆளிடம் போவதா? வாயைத் திறந்தாலோ பதவியும் போகும், தோப்பும் தப்பாது.

"அருமையான வீடு, மகாராஜா" என்றார். "ஓலை எழுதும் அன்று தெருக்காரர்களுக்கு விருந்து வைப்போம். இந்த வீட்டில் குடியிருக்க எது மிகவும் தேவையோ அதையே சீராகக் கொண்டுவரச் சொல்வோம்."

"பலே!" என்றார் ராஜா. மருதப்பர் ஏதோ சொல்ல வந்தார். சீர் என்று கேட்டபின் ராஜா காதில் வேறெதுவும் விழவில்லை.

விருந்து முடிந்தது. ராஜா கையில் எழுத்தாணி. முதலில் குயவர் சடையன் ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏணி எதற்கு?"

"கூரைக்கு ஏறத்தான், சாமி. ஐப்பசியில ஏரி வழிஞ்சா தண்ணி நேரா இங்கதான் வரும். ராஜாவா இருந்தாலும் ஏறித்தானே ஆகணும்?"

அடுத்தவர் ஐந்து உறி கொண்டுவந்தார். மூன்றாமவர் வாழைத்தண்டுத் தெப்பம் ஒன்றை இறக்கிவைத்து, "ராணியம்மா ஏணியில ஏறுவாங்களோ என்னமோன்னு..." என்று தலையைச் சொறிந்தார்.

கடைசியாக ஒரு அம்மாள் வெறுங்கையோடு வந்தாள். மருதப்பரின் அக்கா ஆவுடையாள்! "நான் சீர் கொண்டாரலீங்க. எங்கப்பா இந்த வீட்டுல ஒரு பங்கு எனக்கு எழுதிவச்சாரு. கிழக்கு அறை என்னோடது. அதை விட்டுட்டு மிச்சத்துல தாராளமா இருங்க. தம்பி சொல்லலியா?"

மருதப்பர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். ராஜா எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"மந்திரியாரே, எல்லாம் தெரிந்துமா சும்மா இருந்தீர்?"

"அக்கா விஷயம் சத்தியமாகத் தெரியாது, மகாராஜா. மற்றதை நான் சொல்லக் கூடாது என்றீர்கள். தெருவைச் சொல்லவைத்தேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். வருஷா வருஷம் தோப்பின் முதல் கூடை மாம்பழம் மந்திரிக்கே என்று அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு மருதப்பர் பக்கம் திரும்பி, "சீரெல்லாம் வீட்டுக்கு வந்தது. கார்த்திகை முடிய நீரே இங்கே குடியிரும். கிழக்கு அறையை மட்டும் தொடாதீர்" என்றார்.

ஐப்பசியில் மருதப்பர் ஏணியில் ஏறிக் கூரையில் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. அந்த அடைமழையில்தான் ராஜா மறுபடி வீடு தேடிப் புறப்பட்டார், சாதாரண வேட்டியும் தாழங்குடையுமாக. கூடவே மந்திரி. மேட்டுத் தெருவில் ஒரு சின்ன வீடு. உள்ளே போகுமுன் ராஜா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இந்த வீடு எப்படி அம்மா?"

"ஒழுகாது, தண்ணி நிக்காது, ஒருத்தர் பேர்லதான் இருக்கு. சீக்கிரம் வாங்கிடுங்க. அந்த ராஜா வேற வீடு தேடி அலையறாராம். முரசும் கொம்புமா அவரு இங்க வந்துட்டா நாங்க நிம்மதியா இருக்கிறதா வேண்டாமா?"

மந்திரிக்கு இருமல் வந்துவிட்டது. "வந்தால் முரசு இல்லாமல் வரச் சொல்கிறேன்" என்றார் ராஜா.

தையில் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். முரசு இல்லை. சீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாள் ராஜாவை அடையாளம் கண்டு நடுங்கிப்போனாள். ராஜாவும் அவள் கையில் துணி போர்த்தியிருந்த சீரைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துதான் போனார்.

"இந்த வீட்டுக்கு இதுதான் மிகவும் தேவையா அம்மா?"

"காலி ஊறுகாய் ஜாடிதாங்க, மகாராஜா. வேற ஒண்ணும் இந்த வீட்டுக்கு வேண்டியிருக்காது."

அந்தப் பங்குனியில் தாயார் தோப்பின் மாவடு அந்த ஜாடி நிறைய ஊறியது. முதல் கிண்ணத்தை ராஜாவே பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.